இன்சுலினும் இயந்திரமும்: நீரிழிவுள்ள தொழிலாளர்கள் வேலைக்காகப் போராடிய வரலாறு

கிரேன் ஓட்டுபவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், பதினெட்டு சக்கர லாரியை ஓட்டிச் செல்பவர், இரசாயன ஆலையில் வால்வுகளைத் திறந்து மூடுபவர். இவர்கள் எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படுவது ஒன்றுதான். வேலை நேரத்தின் எந்த நொடியிலும் அவர்கள் தெளிவான நினைவோடு இருக்க வேண்டும். ஒரு நிமிடம் தடுமாறினாலும் அவர்களோடு சேர்ந்து பக்கத்தில் இருப்பவர்களின் உயிரும் போகலாம்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்கு இப்படிப்பட்ட வேலையைக் கொடுக்கலாமா? இது கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் இதற்குப் பதில் சொல்ல ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த வரலாற்றில் விஞ்ஞானிகள், நீதிபதிகள், லாரி ஓட்டுநர்கள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரும் வருகிறார்கள். இந்த வரலாறு அதிகம் பதிவாகியிருப்பது அமெரிக்காவில் என்பதால் இக்கட்டுரை பெரும்பாலும் அங்கேயே நடக்கிறது.

உயிர் வந்தது, அச்சமும் கூடவே வந்தது

1921க்கு முன்னால் இந்தக் கேள்வியே எழவில்லை. இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவு வந்தவர்கள் சில மாதங்களிலோ, ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துவிடுவார்கள். அன்று அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த சிகிச்சை, டாக்டர் ஃபிரெடரிக் ஆலன் என்பவரின் பட்டினிச் சிகிச்சை. உணவை மிக மிகக் குறைத்து நோயாளியின் வாழ்நாளைச் சற்று நீட்டுவார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்த நோயாளிகளுக்கு எழுந்து நடப்பதே பெரிய காரியம்.

1921 கோடையில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் இருவரும் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தை அளித்து வழிநடத்தியவர் ஜே.ஜே.ஆர். மக்லாய்ட். சாற்றைச் சுத்தப்படுத்த வந்து சேர்ந்தவர் ஜேம்ஸ் காலிப். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரியாக வேலை செய்யவில்லை. காலிப் மேலும் சுத்தம் செய்து கொடுத்த சாறு ஜனவரி 23 அன்று போடப்பட்டபோது சிறுவனின் உடல் தேறத் தொடங்கியது. அதன் பிறகு அவன் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இந்த மகிழ்ச்சியான கதையை எல்லோரும் அறிவோம். அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் உண்டு. காலிப் தன் சாற்றை முயல்களுக்குப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். அளவு கூடியபோது முயல்கள் வெட்டி இழுத்து மயங்கி விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்துகொண்டன. இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்ததே காரணம். மருந்து முழு உருப்பெறும் முன்பே அதன் ஆபத்தும் தெரிந்துவிட்டது.

இதற்குத் தாழ்சர்க்கரை என்று பெயர். பேச்சு வழக்கில் 'லோ சுகர்' என்பார்கள். மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். அது குறையும்போது முதலில் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி தோன்றும். இன்னும் குறைந்தால் குழப்பம் வரும், பேச்சு குளறும். அதற்கும் கீழே போனால் வலிப்பும் மயக்கமும் வரும். இதில் மிகவும் ஆபத்தானது நடுவில் வரும் அந்தக் குழப்பம்தான். மயங்கி விழுபவர் இயந்திரத்தை விட்டுவிடுவார். குழம்பியவரோ விடமாட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே தவறான பக்கம் திருப்புவார். தான் சரியாகத்தான் இருப்பதாக நினைப்பார்.

ஆக, நீரிழிவு நோயாளிகளை வேலைக்குத் திரும்ப அனுப்பியதும் இன்சுலின்தான். சில வேலைகளின் வாசலில் அவர்களைத் தடுத்து நிறுத்தியதும் அதே இன்சுலின்தான்.

சிறுநீர் சொல்லாத செய்தி

இன்சுலின் வந்து பல பத்தாண்டுகள் வரை நோயாளியால் தன் இரத்தச் சர்க்கரையை வீட்டில் அளக்க முடியவில்லை. இருந்தது சிறுநீர்ச் சோதனை மட்டுமே. பெனடிக்ட் கரைசலோடு சிறுநீரைச் சேர்த்துக் கொதிக்க வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நாம் செய்த அதே சோதனைதான். நீலம் என்றால் சர்க்கரை இல்லை, செங்கல் சிவப்பு என்றால் மிக அதிகம். 1941இல் கிளினிடெஸ்ட் என்ற மாத்திரை வந்ததால் அடுப்பு தேவைப்படாமல் போயிற்று. 1956இல் வந்த கிளினிஸ்டிக்ஸ் பட்டையை நனைத்தால் மட்டும் போதும். அதை உருவாக்கியவர்கள் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ என்ற தம்பதியர்.

வசதி கூடியது. ஆனால் அடிப்படைக் குறை அப்படியே இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் (ஒரு டெசிலிட்டருக்கு) அது சிறுநீரில் வரும். எனவே சிறுநீரில் சர்க்கரை இல்லை என்றால் இரத்தத்தில் 150 இருக்கலாம், 100 இருக்கலாம், 40கூட இருக்கலாம். மேலும் சிறுநீர்ப்பையில் இருப்பது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். அதாவது, ஓட்டுநர் எதற்கு அஞ்ச வேண்டுமோ அந்தத் தாழ்சர்க்கரையைச் சிறுநீர்ச் சோதனையால் சொல்லவே முடியாது.

இந்தச் சின்ன உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வந்த சட்டங்களும் வழக்குகளும் எளிதில் விளங்கும்.

1970இன் ஒரே வரித் தடை

1970 ஏப்ரலில் அமெரிக்க மத்திய அரசு, மாநில எல்லை கடந்து ஓடும் வணிக வாகன ஓட்டுநர்களுக்கான உடல்தகுதி விதிகளை வெளியிட்டது. இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு உள்ளவருக்குத் தகுதி இல்லை என்பது அவற்றில் ஒன்று. 1971 முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதியில் விதிவிலக்கு எதுவும் இல்லை. இருபது ஆண்டுகள் விபத்தே இல்லாமல் ஓட்டியவரும், நேற்று மயங்கி விழுந்தவரும் இந்த விதிக்கு ஒன்றே. ஊசி போடுகிறாரா? அப்படியானால் இறங்கிவிட வேண்டியதுதான்.

இன்று பார்த்தால் இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அன்றைய நிலையையும் பார்க்க வேண்டும். நாற்பது டன் எடையுள்ள லாரியை நெடுஞ்சாலையில் ஓட்டுபவர், தன் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அளக்க முடியாத ஆபத்தை அனுமதிக்க எந்த அரசும் தயங்கும். ஆகவே 1970இல் அந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் மறைந்த பிறகும் விதி மட்டும் நீடித்ததுதான் இந்த வரலாற்றின் சோகம்.

இன்னொரு விளைவையும் எளிதில் ஊகிக்கலாம். வேலை போய்விடும் என்று தெரிந்தால் நோயாளி என்ன செய்வார்? ஒன்று, நோயை மறைப்பார். இல்லையென்றால், இன்சுலின் தேவை என்று மருத்துவர் சொன்னாலும் "இன்னும் கொஞ்ச நாள் மாத்திரையிலேயே ஓட்டுவோம்" என்பார். இரண்டுமே அவருக்கும் ஆபத்து, சாலையில் போகும் மற்றவர்களுக்கும் ஆபத்து. பாதுகாப்புக்காக வந்த விதி பாதுகாப்பைக் குறைக்கும் நிலை இது.

மனைவியின் பெயரில் வாங்கிய மீட்டர்

தடை எழுதப்பட்ட அதே காலத்தில்தான் அதை மாற்றப்போகும் கருவியும் பிறந்தது. அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் 1960களின் நடுவில் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. இதில் வைப்பது சிறுநீர் அல்ல, ஒரு சொட்டு இரத்தம். அந்தப் பட்டையின் நிறத்தைப் படித்து எண்ணாகச் சொல்லும் மீட்டரும் தொடர்ந்து வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, நூற்றுக்கணக்கான டாலர் விலை. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். நோயாளிக்கு எதற்கு இது என்பதே அன்றைய எண்ணம்.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்பவர் ஒரு பொறியாளர். 12 வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு உள்ளவர். 1969இல் ஒரு தொழில் பத்திரிகையில் இந்த மீட்டரின் விளம்பரத்தைப் பார்த்தார். இரவில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் ஒருவர் நீரிழிவால் மயங்கியிருக்கிறாரா, குடித்துவிட்டு விழுந்திருக்கிறாரா என்று கண்டுபிடிப்பதற்கான கருவி என்று அதில் போட்டிருந்தது. தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டார். நோயாளிக்கு விற்க மாட்டோம் என்றார்கள். நல்ல வேளையாக அவர் மனைவி ஒரு மருத்துவர். மனைவியின் பெயரில் வாங்கினார்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தன் இரத்தத்தைத் தானே சோதித்தார். எந்த உணவுக்கு எவ்வளவு ஏறுகிறது, எத்தனை யூனிட்டுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வைத்து இன்சுலின் அளவைத் திருத்திக்கொண்டார். மருத்துவர் அல்லாதவர் சொல்வதை மருத்துவ உலகம் காது கொடுத்துக் கேட்காததால், நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார். 1980களில் கையடக்க மீட்டர்கள் வீடுகளுக்கு வந்துவிட்டன.

இதன் பொருள் என்ன? லாரியில் ஏறும் முன் ஓர் ஓட்டுநர் விரலைக் குத்திப் பார்த்து, "இப்போது 130 இருக்கிறது, ஓட்டலாம்" என்று சொல்ல முடியும். 1970இல் இல்லாதது இப்போது சட்டைப் பையில் இருந்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை.

இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்

1990இல் அமெரிக்காவில் உடல்குறை உள்ளவர்களுக்கான உரிமைச் சட்டம் நிறைவேறியது. உடல்குறையைக் காட்டி ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு நேரடி ஆபத்து என்று மறுக்க வேண்டுமானால் அந்தக் குறிப்பிட்ட மனிதரை ஆராய்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆபத்து எவ்வளவு காலம் இருக்கும், எவ்வளவு பெரியது, நிகழ வாய்ப்பு எவ்வளவு, எவ்வளவு விரைவில் நிகழக்கூடும் என்ற நான்கையும் எடைபோட வேண்டும். நோயின் பெயரை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

நல்ல சட்டம்தான். ஆனால் 1999இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. வழக்கு நீரிழிவு பற்றியதே அல்ல. கிட்டப்பார்வை உள்ள இரட்டைச் சகோதரிகள் விமானி வேலை கேட்டுத் தொடுத்தது. கண்ணாடி போட்டதும் பார்வை சரியாகிவிடுவதால் அவர்கள் உடல்குறை உள்ளவர்கள் அல்ல என்றது நீதிமன்றம். மருந்தோ கருவியோ பயன்படுத்திய பிறகு ஒருவர் எப்படி இருக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. நீரிழிவையும் உதாரணமாகச் சொன்னது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். இன்சுலினை ஒழுங்காகப் போட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் தொழிலாளி உடல்குறை உள்ளவர் அல்ல என்பதால் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. கட்டுக்குள் வைக்காதவருக்கோ, "நீ ஆபத்தானவன்" என்று வேலை கிடைக்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல ஆனது நிலைமை. 2008இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இந்தச் சிக்கலை நீக்கியது. மருந்தின் பயனைக் கணக்கில் எடுக்காமல் நோயைப் பார்க்க வேண்டும் என்றும், நாளமில்லாச் சுரப்பிகளின் செயல்பாடும் கணக்கில் வரும் என்றும் எழுதப்பட்டது. 2009 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தது.

மூன்று ஆலைகள், மூன்று தீர்ப்புகள்

சட்டம் மாறுவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அளித்த மூன்று தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் பல விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் இருந்த ஓர் இரசாயன ஆலை. முதல் வகை நீரிழிவு உள்ள ஒருவர் அங்கே குளோரின் பிரிவில் இயக்குநராக இருந்தார். குளோரின் ஒரு நச்சு வாயு. முதல் உலகப் போரில் ஆயுதமாகவே பயன்பட்டது. அந்தத் தொழிலாளி வேலை நேரத்தில் ஒரு முறைக்கு மேல் நீரிழிவால் நிலை தடுமாறியிருந்தார். அவரை நீக்கியது செல்லும் என்று 2001இல் நீதிமன்றம் சொன்னது. விபத்து நடக்கும் வாய்ப்பு சிறிதாக இருக்கலாம், ஆனால் நடந்தால் ஊரே பாதிக்கப்படும் என்பது காரணம். இந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கடினம். முன்பு நடந்தவை கண்ணெதிரே இருந்தன.

இரண்டாவது, இண்டியானா மாநிலத்தில் வெப்பத்தடுப்புப் பொருட்கள் செய்யும் ஓர் ஆலை. முதல் வகை நீரிழிவு உள்ள ஒருவர் தற்காலிகத் தொழிலாளியாக மாதக்கணக்கில் அங்கே எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை பார்த்தார். நிரந்தர வேலை கேட்டபோது மருத்துவப் பரிசோதனை நடந்தது. சிறுநீரில் சர்க்கரை அதிகம் இருந்தது. தன் சர்க்கரையைத் தொடர்ந்து கவனித்து வராததும் அப்போது வெளிப்பட்டது. நோய் கட்டுக்குள் இல்லை, கனரக இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்வது ஆபத்து என்றார் மருத்துவர். வேலை மறுக்கப்பட்டது. 2005இல் நீதிமன்றமும் ஆலையின் பக்கமே தீர்ப்பளித்தது.

மூன்றாவது, டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் ஓர் உணவுப் பொருள் ஆலை. இவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. இவரும் தற்காலிகமாக வேலை பார்த்து நல்ல பெயர் எடுத்தவர். நிரந்தர வேலை தருவதாகச் சொல்லி, பரிசோதனையில் சிறுநீர்ச் சர்க்கரையைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். 2006இல் நீதிமன்றம் இவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆளை ஆராயாமல், நீரிழிவு என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஊகத்தின் பேரில் வேலையை மறுத்திருக்கிறார்கள் என்பது அதன் கருத்து.

இரண்டாவது, மூன்றாவது வழக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு பேருமே தற்காலிகத் தொழிலாளிகள். இரண்டு பேரையும் நிறுத்தியது சிறுநீர்ச் சோதனையில் தொடங்கிய ஒரு முடிவு. சர்க்கரை நெடுங்காலம் கூடுதலாக இருந்தால் பார்வை மங்கும், சோர்வு வரும், பாதத்தில் உணர்ச்சி குறையும். இயந்திரத்தோடு வேலை செய்பவருக்கு இவையும் முக்கியம்தான். ஆனால் ஆலைகள் பெரிதும் அஞ்சும் திடீர் மயக்கத்தைப் பற்றிச் சிறுநீர் எதுவும் சொல்லாது என்பதை முன்பே பார்த்தோம். 1941இன் மாத்திரையோ 1956இன் பட்டையோ சொல்லக்கூடிய செய்தியை வைத்துக்கொண்டு 21ஆம் நூற்றாண்டில் ஒருவரின் பிழைப்பை முடிவு செய்திருக்கிறார்கள்.

கட்டுப்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு

"சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்து, வேலை தருகிறோம்" என்று சொல்வது எளிது. அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

1983இல் தொடங்கி 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குத் தீவிரக் கட்டுப்பாடு. தீவிரப் பிரிவில் கண் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகப் பாதிப்பு 50 சதவீதம் குறைந்தது. உலகமே இதைக் கொண்டாடியது. ஆனால் கடுமையான தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்கு கூடியிருந்தது.

இதைக் கிரேன் ஓட்டுபவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் இன்று வேலையில் மயங்கும் அபாயம். "இன்றைக்கு மயங்காமல் இருந்தால் போதும்" என்று வேண்டுமென்றே உயர்த்தி வைத்துக்கொண்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கண்ணும் சிறுநீரகமும் போகும் அபாயம். போதாக்குறைக்கு, பல ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தவர்களுக்கும், அடிக்கடி லோ சுகர் வருபவர்களுக்கும் வியர்வை, நடுக்கம் போன்ற எச்சரிக்கை அறிகுறிகளே மங்கிப்போகும். அப்போது குழப்பம் முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது இன்னொரு கருவி. தோலுக்கடியில் மெல்லிய உணரியை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை குளுக்கோஸை அளக்கும் தொடர் கண்காணிப்புக் கருவி 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் வந்தவை பதிவு மட்டும் செய்தன. பின்னால் வந்தவை சர்க்கரை இறங்கத் தொடங்கும்போதே ஒலி எழுப்பின. மங்கிப்போன உடலின் எச்சரிக்கைக்குப் பதிலாக ஒரு கருவியின் எச்சரிக்கை வந்தது.

தடை விழுந்த கதை

மீண்டும் லாரிக்கு வருவோம். 1993இல் அமெரிக்க அரசு சோதனை முயற்சியாகச் சில இன்சுலின் ஓட்டுநர்களுக்கு விலக்கு அளித்தது. பார்வைக் குறை உள்ள ஓட்டுநர்களுக்கான இதே போன்ற விலக்குத் திட்டம் செல்லாது என்று 1994இல் ஒரு நீதிமன்றம் சொல்ல, நீரிழிவுத் திட்டமும் முடிவுக்கு வந்தது. 1998இல் நாடாளுமன்றம் இதை ஆராயச் சொன்னது. 2003இல் தனித்தனியாக விண்ணப்பித்து விலக்குப் பெறும் முறை வந்தது. ஆனால் ஒரு விசித்திரமான நிபந்தனை. இன்சுலின் போட்டுக்கொண்டு மூன்று ஆண்டுகள் வணிக வாகனம் ஓட்டிய அனுபவம் வேண்டும்! ஓட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டவர் அனுபவத்துக்கு எங்கே போவார்? தங்கள் எல்லைக்குள் ஓட்ட அனுமதித்த மாநிலங்களில் இருந்தவர்களுக்கு மட்டுமே அது சாத்தியம். 2005இல் நாடாளுமன்றமே தலையிட்டு இந்த நிபந்தனையை நீக்கியது.

கடைசியாக, 2018 நவம்பர் 19 அன்று புதிய விதி நடைமுறைக்கு வந்தது. தனி விலக்கு தேவையில்லை. சிகிச்சை அளிக்கும் மருத்துவர், மூன்று மாதக் குளுக்கோஸ் பதிவுகளைப் பார்த்து, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று படிவத்தில் சான்றளித்தால் மருத்துவப் பரிசோதகர் ஓராண்டுக்குத் தகுதி வழங்கலாம். கடுமையான தாழ்சர்க்கரை வந்தால் ஓட்டுவதை நிறுத்தி மீண்டும் மருத்துவரிடம் போக வேண்டும். 1971இலிருந்து கணக்கிட்டால் 47 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

பிரிட்டன் 2011 நவம்பரில் இன்சுலின் போடுபவர்களுக்குக் கனரக லாரி, பேருந்து உரிமத்தைத் திறந்துவிட்டது. 2012இல் அங்கே வணிக விமானிகளுக்கும் அனுமதி கிடைத்தது. பறக்கும்போது மணிக்கு ஒரு முறையும், தரையிறங்கும் முன்பும் சோதிக்க வேண்டும் என்ற கடுமையான முறை வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் 2019இல் தொடர் கண்காணிப்புக் கருவியின் துணையோடு வணிக விமானிகளுக்கும் வழி பிறந்தது.

இந்த விதிகள் கற்றுத்தரும் பாதுகாப்பு

இந்த விதிகள் எல்லாம் அனுபவத்தில் பிறந்தவை. லாரி ஓட்டாதவர்களுக்கும், இயந்திரத்தோடு வேலை செய்யும் யாருக்கும் இவற்றில் பாடம் இருக்கிறது.

பிரிட்டன் விதிப்படி ஓட்டத் தொடங்கும் முன்பும், பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறையும் சோதிக்க வேண்டும். சர்க்கரை 90 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட வேண்டும். 70க்குக் கீழ் என்றால் ஓட்டவே கூடாது. சர்க்கரை இயல்புக்கு வந்த பிறகும் 45 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மீட்டரில் எண் ஏறிவிட்டாலும் மூளை முழுமையாகத் தெளிய நேரம் பிடிக்கும் என்பதே காரணம். "இரண்டு மிட்டாய் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது" என்று உடனே இயந்திரத்தில் ஏறக் கூடாது.

லோ சுகர் வந்தால் 15 கிராம் அளவு குளுக்கோஸ் அல்லது சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிப்பது பொதுவான முறை. அந்த இனிப்பு லாக்கரில் இருந்தால் பயனில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடுமையான உடல் உழைப்புக்குப் பின் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம். இரவு ஷிப்டும், தள்ளிப்போகும் சாப்பாட்டு நேரமும் அதனால்தான் சிக்கலானவை. இன்சுலின் போடுபவர்களுக்கு மட்டும் இந்த ஆபத்து என்றும் நினைக்கக் கூடாது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. யாருக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியவர் அவருடைய மருத்துவர்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பக்கத்தில் வேலை செய்பவருக்கு விஷயம் தெரிந்திருப்பது. தடுமாறுபவர் தன் தடுமாற்றத்தை உணர மாட்டார். பார்ப்பவர்தான் உணர முடியும். ஆனால் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யார் சொல்வார்கள்?

முடிவாக

இந்த நூற்றாண்டு வரலாற்றில் ஒரு பக்கம் நல்லவர்கள், மறுபக்கம் கெட்டவர்கள் என்று பிரிக்க முடியாது. 1970இல் தடை எழுதியவர்கள் சாலையில் போகும் மக்களை நினைத்தார்கள். அதை எதிர்த்தவர்கள் உழைத்துப் பிழைக்கும் உரிமையை நினைத்தார்கள். போர்ட்லாந்து ஆலையின் அச்சம் நியாயமானது. ஃபோர்ட் வொர்த் தொழிலாளியின் கோபமும் நியாயமானது. இரண்டையும் ஒன்றாகத் தீர்த்து வைத்தது கருணையோ கண்டிப்போ அல்ல, சரியான அளவீடு. "இவருக்கு என்ன நோய்?" என்ற கேள்வி, "இந்த மனிதரின் சர்க்கரை இப்போது எவ்வளவு, கடந்த மூன்று மாதங்களில் எப்படி இருந்தது?" என்று மாறிய பிறகுதான் வழி பிறந்தது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்தது. அவர்களில் பலர் லாரியிலும், கிரேனிலும், பொக்லைனிலும், ஆலைகளிலும் உழைப்பவர்களாக இருப்பார்கள். நோயைச் சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கும் வரை அவர்கள் அதை மறைத்துக்கொண்டுதான் இயந்திரத்தில் ஏறுவார்கள். ஒரு மீட்டர், பையில் கொஞ்சம் குளுக்கோஸ், "எனக்குச் சர்க்கரை இறங்குகிறது, ஐந்து நிமிடம் நிறுத்துகிறேன்" என்று பயமின்றிச் சொல்லக்கூடிய ஒரு மேற்பார்வையாளர். இந்த மூன்றும் இருந்தால் தொழிலாளியும் பிழைப்பார், பக்கத்தில் இருப்பவரும் பிழைப்பார்.